துவாரகாநாத் கோட்னிஸ்

துவாரகாநாத் சாந்தாராம் கோட்னிஸ் (அக்டோபர் 10, 1910 – டிசம்பர் 9, 1942) சீன-ஜப்பானியப் போரின்போது சீனாவில் தன்னார்வலராகப் பணியாற்றிய இந்திய மருத்துவர் ஆவார்.

இளமை

மகாராஷ்டிர மாநிலத்தின் சோலாப்பூரில் பிறந்தார். பம்பாய் சேத் ஜி. எஸ். மருத்துவக் கல்லூரியில் பயின்றார். சீனப் படைத்தலைவர் சூ டே விடுத்த வேண்டுகோளுக்கு இணங்க, இந்திய தேசிய காங்கிரஸ் 1938 இல் ஐந்து மருத்துவர்களை அங்கு அனுப்பியது. அவர்களுள் கோட்னிசும் ஒருவர். அப்போது அவரது வயது 27.

சீனாவில் வாழ்க்கை

சீனாவில் இருந்தபோது தந்தை இறந்த செய்தி எட்டியது. எனினும் அவர் ஊர் திரும்பாமல், 1939 இல் யெனான் நகரை அடைந்தார். பின்னர் வட சீனப் போர்முனைப் பகுதிக்குச் சென்று காயமுற்ற வீரர்களுக்கு அறுவை மருத்துவம் செய்தார். மருந்துகளுக்கும் கருவிகளுக்கும் அங்கு பெரும் தட்டுப்பாடு நிலவியது. சீன மொழியைக் கற்றுத் தேர்ந்து, அம்மொழியிலேயே மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். ஜனவரி 1941 இல் பெத்தியூன் பன்னாட்டு அமைதி மருத்துவமனையின் இயக்குநரானார். அதே ஆண்டில் செவிலியர் குவோ சிங்லானை மணந்தார். ஆகஸ்ட் 1942 இல் பிறந்த மகனுக்கு, இந்தியாவையும் சீனாவையும் குறிக்கும் இரு எழுத்துகளை இணைத்து இன்ஹுவா எனப் பெயரிட்டனர்.

மறைவு

மகன் பிறந்து நான்கு மாதங்கள் நிறையும் முன்னரே, வலிப்பு நோயால் தமது 32 ஆவது வயதில் காலமானார். உடன் சென்ற நால்வரும் தாயகம் திரும்பினர், கோட்னிஸ் திரும்பவில்லை. அவரது நினைவிடம் சீனாவின் ஷிஜியாசுவாங் நகரில் அமைந்துள்ளது. அவரது வாழ்க்கையைத் தழுவி வி. சாந்தாராம் 1946 இல் இந்தித் திரைப்படம் ஒன்றை இயக்கினார்.