பாடசாலைக்குப் போகாமல் படித்த பெஞ்சமின் பிராங்கிளின்



மின்னலைப் பற்றி ஆராயப் பட்டம் ஏற்றியவர் என்றும், 1776ஆம் ஆண்டு அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவர்களுள் ஒருவர் என்றும் பெஞ்சமின் பிராங்கிளினைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கே நாம் பார்க்கப்போவது வேறொரு பிராங்கிளினை. பாடசாலையில் இருமுறை கணக்கில் தவறியவர் அவர். பத்து வயதுக்குப் பின் பாடசாலை வாசலை மிதிக்காதவர். பார்த்துக் கேட்க ஆசிரியர் எவரும் இல்லாமல் அவர் எப்படிப் படித்தார் என்பதுதான் விடயம். ஒருமுறை தவறிவிட்டு இப்போது வீட்டிலிருந்தே தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்ற இருப்பவர்கள் இதனை ஆறுதலாக வாசியுங்கள். மணி அடிக்காத வீட்டில் நாளைக்குப் படிக்கலாம் என்ற எண்ணம் எவ்வளவு இலகுவாக வரும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

பிராங்கிளின் 1706ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் திகதி அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் பிறந்தார். தந்தையார் மெழுகுதிரியும் சவர்க்காரமும் செய்து விற்பவர். அவருடைய பதினேழு பிள்ளைகளில் பெஞ்சமின் பதினைந்தாமவர். எட்டு வயதில் இலத்தீன் கற்பிக்கும் பாடசாலை ஒன்றில் சேர்க்கப்பட்ட அவர், செலவைத் தாங்க முடியாத தந்தையாரால் ஒரு வருடம் நிறைவடைய முன்னரே நிறுத்தப்பட்டார். பின்னர் எழுத்தும் கணக்கும் பழகும் பாடசாலைக்குப் போனார். எழுத்து வந்தது, கணக்கு வரவில்லை. பத்து வயதில் அதுவும் முடிந்தது. திரி வெட்டுவதும் அச்சில் மெழுகு வார்ப்பதும் அவருடைய வேலைகளாயின. பன்னிரண்டு வயதில் தமையனார் ஜேம்ஸின் அச்சகத்தில் தொழில் பழகுபவராக ஒப்பந்தம் செய்து விடப்பட்டார்.

அச்சகத்தில் பகல் முழுவதும் வேலை. படிப்பதற்கு அவருக்கு மிஞ்சியவை அதிகாலை, இரவு, ஞாயிற்றுக்கிழமை ஆகிய மூன்றுமே. புத்தகக் கடைகளில் தொழில் பழகிய பையன்களிடம் மாலையில் புத்தகத்தை இரவல் வாங்கி, இரவிரவாக வாசித்து, விடியக் கடை திறக்க முன்னர் திருப்பிக் கொடுப்பார். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். புத்தகம் நாளைக்கு அவர் கையில் இருக்காது. ஆகவே பிறகு பார்க்கலாம் என்று மூடிவைக்க அவருக்கு வழியே இல்லை. நம்மிடம் கடந்தகால வினாத்தாள்கள் அலுமாரி நிறைய இருக்கின்றன. அதுவே நமக்கு வினையாகிவிடுகிறது என்று நான் பலமுறை நினைப்பதுண்டு.

பதினாறு வயதளவில் அவர் மரக்கறி உணவுக்கு மாறினார். தன் சாப்பாட்டுக்கு ஆகும் செலவில் பாதியைத் தந்தால் போதும், உணவைத் தானே பார்த்துக்கொள்வேன் என்று தமையனாரோடு பேசி ஒழுங்குசெய்தார். அந்தப் பாதியிலும் பாதி மிஞ்சியது. மிஞ்சியதற்குப் புத்தகம் வாங்கினார். மற்றவர்கள் மதிய உணவுக்கு எழுந்து போனதும் ஒரு துண்டுப் பாணும் ஒரு பிடி முந்திரிகை வற்றலும் தண்ணீருமாகச் சில நிமிடங்களில் சாப்பிட்டு முடித்து, வெறுமையான அச்சகத்தில் இருந்து படித்தார். கணக்குத் தெரியாமையால் ஒருமுறை வெட்கப்பட நேர்ந்தது. அதன் பின் கொக்கர் என்பவர் எழுதிய எண்கணித நூலை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை தானே செய்து முடித்தார். பாடசாலையில் இருமுறை வராத கணக்கு இப்போது சிரமமின்றி வந்தது.

கட்டுரை எழுதப் பழகிய முறை இன்னும் சுவையானது. அவருடைய எழுத்தில் நயம் போதாது என்று தந்தையார் உதாரணங்களுடன் சுட்டிக்காட்டினார். மனம் நொந்துபோய்ப் பேசாமல் இருந்துவிடவில்லை. இலண்டனில் வெளிவந்த ஸ்பெக்டேற்றர் என்ற சஞ்சிகையின் தொகுதி ஒன்று அவருக்குக் கிடைத்தது. நல்ல கட்டுரை ஒன்றைத் தெரிந்து, ஒவ்வொரு வசனத்தின் கருத்தையும் சிறு குறிப்பாக எழுதிக்கொள்வார். சில நாட்கள் அதனை அப்படியே விட்டுவைத்து, மூலத்தைப் பாராமல் குறிப்புகளைக் கொண்டு கட்டுரையைத் தன் சொற்களில் எழுதுவார். பின் மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழைகளைத் திருத்துவார். சிலவேளை குறிப்புகளைக் கலைத்துப்போட்டு, சில வாரங்களின் பின் ஒழுங்குபடுத்திப் பார்ப்பார். உங்கள் வரலாற்றுப் பாட விடைகளையும் இதே முறையில் பயிலலாம். செலவு ஒரு கொப்பிதான்.

1723ஆம் ஆண்டு, பதினேழு வயதில், தமையனாரோடு ஒத்துப்போகாமல் பிலடெல்பியாவுக்கு ஓடிப்போனார். 1728இல் பங்காளி ஒருவரோடு சேர்ந்து சொந்த அச்சகம் தொடங்கினார். 1731இல் நண்பர்களோடு சந்தா நூலகம் ஒன்றை நிறுவி, நாளொன்றுக்கு ஒரு மணியோ இரண்டு மணியோ படிப்புக்கென்று ஒதுக்கினார்.

இக்காலத்தில் இத்தாலிய மொழி படிக்கத் தொடங்கியபோது அவருக்கு ஒரு சோதனை வந்தது. அதே மொழியைப் படித்துக்கொண்டிருந்த நண்பர் ஒருவர் அடிக்கடி சதுரங்கம் விளையாட அழைப்பார். பிராங்கிளினுக்குச் சதுரங்கம் என்றால் உயிர், நேரமோ பறந்துவிடும். விளையாட்டையே விட்டுவிடுவதாக அவர் சபதம் செய்யவில்லை. அப்படிச் செய்யும் சபதங்கள் எத்தனை நாள் நிற்கும் என்பது நமக்குத் தெரிந்ததே. அவர் ஒரு நிபந்தனை விதித்தார். ஆட்டத்தில் வெல்பவர் தோற்றவருக்கு இலக்கணப் பகுதி ஒன்றை மனனம் செய்யவோ மொழிபெயர்ப்பு ஒன்று எழுதவோ பணிக்கலாம். அடுத்த சந்திப்புக்கு முன் அதனைச் செய்து முடிப்பது தோற்றவரின் மானப் பிரச்சினை. இருவரும் ஏறக்குறைய சமபலம் உடையவர்களாதலால் மாறிமாறித் தோற்று இருவருமே இத்தாலிய மொழியைக் கற்றுக்கொண்டனர். கிரிக்கெட் பார்க்க வரும் நண்பன் உங்களுக்கும் இருப்பான் அல்லவா?

தன்னைத் திருத்திக்கொள்ள அவர் வைத்திருந்த சிறு கொப்பியைப் பற்றியும் சொல்லவேண்டும். பதின்மூன்று நற்குணங்களை வரிசைப்படுத்தி, பக்கத்துக்கு ஒன்றாக எழுதினார். ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மையால் ஏழு நாளுக்கு ஏழு நிரல்கள். தவறிய நாளில் ஒரு கறுப்புப் புள்ளி. எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிடிக்க முயலாமல் வாரத்துக்கு ஒரு குணத்தில் மட்டும் விசேட கவனம் செலுத்தினார். பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று, வருடத்தில் நான்கு சுற்று. புள்ளிகளை அழித்து அழித்துத் தாள் ஓட்டையாகிவிட்டது. பின்னர் யானைத்தந்தத் தகடுகளில் கோடு கீறி, பென்சிலால் புள்ளியிட்டு, ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டார்.

அந்தப் பதின்மூன்றில் ஒழுங்கு என்பதும் ஒன்று. பொருளை அதற்குரிய இடத்திலும் வேலையை அதற்குரிய நேரத்திலும் வைத்தலே அது. அதற்காக இருபத்துநான்கு மணி நேரத்துக்கும் நேரசூசி போட்டார். காலை ஐந்து மணிக்கு எழுதல், எட்டு முதல் பன்னிரண்டு வரை வேலை, பன்னிரண்டு முதல் இரண்டு வரை வாசிப்பு, கணக்குப் பார்த்தல், மதிய உணவு, மீண்டும் ஆறு மணி வரை வேலை, இரவில் அன்றைய நாளை எண்ணிப் பார்த்தல், பத்து மணிக்கு உறக்கம். என் வகுப்பு மாணவர்கள் கலர் பேனைகளால் கீறிவரும் நேரசூசிகளை விட இது எளிமையானது. ஆனாலும் அவரால் இதனை ஒழுங்காகப் பின்பற்ற முடியவில்லை! வாடிக்கையாளர் நினைத்த நேரத்தில் வருவார்கள், தாள்கள் மேசையில் சிதறிக் கிடக்கும். பதின்மூன்றில் தன்னை மிகவும் படுத்திய குணம் இதுவே என்றும், இதில் தான் தேறவில்லை என்றும் அவரே ஒப்புக்கொண்டுள்ளார். எனினும் முயன்றதால் முன்பிருந்ததை விட நல்ல மனிதனானதாகக் கருதினார். சுற்றுகள் காலப்போக்கில் வருடத்துக்கு ஒன்றாகி, பின் நின்றேபோயின. கொப்பியை மட்டும் எப்போதும் தன்னோடு வைத்திருந்தார்.

பிற்போடும் பழக்கத்தைக் கண்டிக்கும் வாசகங்களைத் தன் பஞ்சாங்கத்தில் ஆண்டுதோறும் அச்சிட்டு விற்ற இதே மனிதர், தானும் பிற்போட்டார். நற்குணங்களைப் பழகும் முறை பற்றித் தனி நூல் எழுதப்போவதாகப் பல வருடங்கள் சொல்லிவந்தார். அந்த நூல் வரவேயில்லை. தன் வாழ்க்கை வரலாற்றை 1771இல் இங்கிலாந்தில் எழுதத் தொடங்கினார். அப்போது வயது 65. முதற் பகுதியோடு அது நின்றது. இடையில் சுதந்திரப் போர் வந்தது. நண்பர்கள் கடிதம் எழுதி வற்புறுத்திய பின், 1784இல் பிரான்சில் இருந்தபோதுதான் மறுபடி எடுத்தார். மூன்றாம் பகுதியை 1788இல் பிலடெல்பியாவில் தொடங்கினார். அதற்குள் நோய் அவரைப் பிடித்துவிட்டது. கடைசியாகச் சில பக்கங்கள் மட்டும் எழுதி, 1790ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் திகதி, தனது 84ஆவது வயதில் காலமானார்.

அவர் எழுதிய கதை, 1757ஆம் ஆண்டு இலண்டனுக்குப் போய்ச் சேர்ந்த பின் சிறிது தூரத்திலேயே அறுந்து நிற்கிறது. பிரகடனத்தில் கையொப்பமிட்ட நாளைப் பற்றி அதில் அவர் எழுதியிருக்கவேண்டிய பக்கங்கள் இல்லை.