கடனாளியாய் மாண்ட ரப்பர் மேதை

தேனி மாவட்டம் பெரியகுளத்தில் கோடைகாலத்தில் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடப்பது வழக்கம். வீரர்கள் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவார்கள், சட்டென்று நிற்பார்கள், துள்ளிக் குதிப்பார்கள். அக்னி நட்சத்திர வெயிலில் தரை சுட்டாலும் காலணியின் ரப்பர் அடி இளகுவதில்லை. இதற்கு வழி கண்டவர் சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர்.

அவர் 1800-ம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி நியூ ஹேவன் நகரில் பிறந்தார். தந்தையுடன் இரும்புச் சாமான் வியாபாரம் செய்தார். வியாபாரம் நொடித்தது. கடன் தலைக்கு மேல் ஏறியது.

வெயிலும் குளிரும்

கம்பத்திலிருந்து குமுளி மலையைக் கடந்து போனால் கேரளத்தில் ரப்பர் தோட்டங்கள் உண்டு. மரத்தைக் கீறினால் பால் வடியும். அதிலிருந்து கிடைப்பதுதான் ரப்பர். ஆனால் வெறும் ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும்; குளிரில் விறைத்துப்போகும். இந்தக் குறையைப் போக்கியே தீருவது என்று 1834-ல் குட்இயர் உறுதி கொண்டார்.

கடனுக்காகச் சிறைக்குப் போனார். அங்கேயும் ரப்பரைப் பிசைந்தார். அரசாங்கத்துக்குத் தபால் பைகள் செய்தார். அவை வெயிலில் இளகிப்போயின. வறுமை முற்றியது. பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்களைக்கூட விற்றார்.

அடுப்பு காட்டிய வழி

1839-ல் கந்தகம் கலந்த ரப்பர் சூடான அடுப்பில் பட்டது. அது உருகவில்லை! தோல் போலக் கருகியது. எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று கண்டறிய மேலும் பல ஆண்டுகள் ஆயின. 1844-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் என்பவர் முந்திக்கொண்டார்.

சூட்டில் கந்தகம் ரப்பரின் நுண்ணிய இழைகளைப் பாலம் போட்டதுபோல் பிணைக்கிறது. இந்த முறையில்தான் பிற்காலத்தில் கூடைப்பந்துக் காலணி செய்தார்கள். மேலே பருத்திக் கேன்வாஸ், காற்றுப் புகும். கீழே ரப்பர், வழுக்காது, குதித்தால் அதிர்வைக் குறைக்கும். இரண்டையும் ஒட்டிச் சூட்டில் வேகவைத்தால் எளிதில் பிரியாது. 1917-ல் கான்வர்ஸ் கம்பெனி இத்தகைய காலணியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தப் பழைய பாணியை இன்றைய இளைஞர்களும் விரும்பி அணிகிறார்கள்.

மிஞ்சியது கடன்

குட்இயர் 1860-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி நியூயார்க்கில் இறந்தார். அப்போது அவருக்குச் சுமார் 2 லட்சம் டாலர் கடன் இருந்தது. 1898-ல் தொடங்கிய குட்இயர் டயர் கம்பெனி அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. அதில் அவர் குடும்பத்துக்குப் பங்கு கிடையாது.

வெயிலில் இளகாத ரப்பர் ஒன்றே அவர் உலகுக்கு விட்டுச்சென்ற சொத்து.