கணித மேதையின் படுக்கை அருகே

தஞ்சாவூரில் ரயில் ஏறி, பாபநாசத்தைத் தாண்டினால் அடுத்த பெரிய ஊர் கும்பகோணம். அங்கே சாரங்கபாணி சந்நிதித் தெருவில் ஒரு சிறிய ஓட்டு வீடு இருக்கிறது. கணித மேதை சீனிவாச இராமானுஜன் வளர்ந்த வீடு அது. அவருடைய கணக்குகளைப் பற்றிப் பெரிய புத்தகங்கள் பல வந்துவிட்டன. நாம் இன்று சொல்லப் போவது, அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த ஜானகி அம்மாள் தம் கணவருக்குச் செய்த பணிவிடையைப் பற்றி.

அதற்கு ஒரு காரணம் உண்டு. இரத்தப் புற்றுநோய் கண்ட கணவனையோ மனைவியையோ அழைத்துக்கொண்டு, பெட்டியும் பாயுமாக வேலூருக்கும் சென்னைக்கும் போகும் குடும்பங்கள் நம் பக்கத்திலும் இருக்கின்றன. எலும்பு மஜ்ஜை மாற்றும் சிகிச்சைக்காகப் போகிறார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் 1986-ல் இந்தச் சிகிச்சை தொடங்கியது. மஜ்ஜை ஏற்றுவதற்கு முன் ஆயத்தமே பல நாள் நடக்கும். இரத்தம், இருதயம், பல் எல்லாவற்றையும் சோதிப்பார்கள். பிறகு கெட்டுப்போன மஜ்ஜையைக் கடுமையான மருந்து கொடுத்து அழிப்பார்கள். அப்போது உடம்பில் நோயை எதிர்க்கும் சக்தி இராது. கூட இருப்பவர் கையைக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். காய்ச்சி ஆறிய தண்ணீரும் அப்போதே சமைத்த சோறும்தான் கொடுக்க வேண்டும். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போவார். இரவெல்லாம் விழித்திருப்பது கட்டிய மனைவி அல்லது கணவன். நூறு ஆண்டுகளுக்கு முன் ஜானகி செய்த வேலையும் ஏறக்குறைய அதுதான்.

பத்து வயதில் கலியாணம்

ஜானகி 1899-ல் பிறந்தவர். கரூர்ப் பக்கம் இராஜேந்திரம் அவருடைய ஊர். 1909 ஜூலையில் கலியாணம் நடந்தபோது அவருக்கு வயது பத்து, மாப்பிள்ளைக்கு 21. அக்கால வழக்கப்படி சில ஆண்டுகள் கழித்துத்தான் புருஷன் வீட்டுக்கு வந்தார். இராமானுஜனுக்குச் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. சம்பளம் மாதம் 30 ரூபாய். மாமியார் கோமளத்தம்மாளும் கூட இருந்தார். அந்தக் குடித்தனமும் நீடிக்கவில்லை. 1914 மார்ச் 17-ந் தேதி இராமானுஜன் சீமைக்குக் கப்பல் ஏறிவிட்டார்.

ஐந்து ஆண்டுகள் பிரிவு. ஜானகி எழுதிய கடிதங்கள் கணவர் கைக்குப் போகவில்லை. அவர் எழுதியவை இவருக்கு வரவில்லை. மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போகவில்லை என்பது ஊரறிந்த சங்கதி. யார் மேல் குற்றம் என்று இப்போது ஆராய்ந்து என்ன பயன்?

கேம்பிரிட்ஜில் குளிர். சைவ உணவு கிடைப்பது கஷ்டம். யுத்த காலம் வேறு. 1917-ல் படுத்த படுக்கையானார். ஒரு வைத்தியசாலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே இருந்தார். 1918-ல் ராயல் சொசைட்டி அங்கத்தினர் என்ற பெரிய பட்டம் வந்தது. உடம்பு மட்டும் தேறவில்லை.

1919 மார்ச்சில் பம்பாயில் வந்து இறங்கினார். தாயாரும் தம்பியும் எதிர்கொண்டு அழைக்க வந்திருந்தார்கள். மனைவியைக் காணாமல் அவர் முதலில் விசாரித்தது ஜானகியைத்தான். பிறகு செய்தி போய், ஜானகி சென்னைக்கு வந்து சேர்ந்தார். வயது இருபது.

சோறும் மோரும்

சென்னையில் சில மாதம், காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் சில மாதம், செப்டம்பரில் கும்பகோணம் என்று இடம் மாறினார்கள். நல்ல காற்றுக்காகத் தஞ்சாவூருக்குப் போகலாம் என்று யோசனை சொல்லப்பட்டது. இராமானுஜன் அந்த ஊர்ப் பெயரைப் பிரித்து, தான் சாகும் ஊர் என்று பொருள் பண்ணிச் சிரித்தாராம். நோயாளியின் வேடிக்கை அது. பக்கத்தில் நின்று கேட்ட மனைவிக்கு எப்படி இருந்திருக்கும்!

கொடுமுடியில் ஒரு சிறு நிகழ்ச்சி. ஆவணி அவிட்டத்துக்குக் காவிரிக்குப் புறப்பட்டார். ஜானகியும் உடன் வர ஆசைப்பட்டார். மாமியார் வேண்டாம் என்றார். தாய் சொல்லைத் தட்டாத இராமானுஜன், அன்றைக்கு ஜானகியும் வருவாள் என்று அமைதியாகச் சொல்லிவிட்டார். அது முதல் நோயாளியைக் கவனிக்கும் பொறுப்பு மெல்ல மெல்ல மனைவி கைக்கு வந்தது.

வேளை தவறாமல் சோறு, எலுமிச்சை ரசம், மோர் கொடுப்பார். காலிலும் மார்பிலும் வலி கண்டால் வெந்நீர் காய்ச்சி ஒத்தடம் போடுவார். இரவு பகல் என்று கிடையாது. நீ என்னோடு சீமைக்கு வந்திருந்தால் எனக்கு இந்த நோயே வந்திராது என்று கணவர் அடிக்கடி சொல்வாராம். ஜானகி முதுமையிலும் அதை மறக்கவில்லை.

பெட்டியில் சேர்ந்த காகிதங்கள்

1920 ஜனவரியில் மறுபடி சென்னை. சேத்துப்பட்டில் ஜாகை. உடம்பு எலும்பும் தோலுமாகிவிட்டது. ஆனாலும் காகிதம் கேட்பார். படுத்துக்கொண்டே கணக்கு எழுதுவார். எழுதிய தாள்களை ஜானகி பொறுக்கிப் பெட்டியில் வைப்பார். கணக்கு அவருக்குப் புரியாது. தாள் ஒன்றுகூடத் தவறக்கூடாது என்பது புரியும். இறப்பதற்கு நான்கு நாள் முன்புவரை இந்த வேலை நடந்தது. ஏப்ரல் 26-ந் தேதி இராமானுஜன் காலமானார். வயது 32. கடல் கடந்தவர் என்பதால் உறவினர் பலர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை.

அந்தக் கடைசி ஆண்டுத் தாள்கள் கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரி நூலகத்தில் கிடப்பதை, 1976-ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் கண்டுபிடித்தார். நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள். 600-க்கு மேற்பட்ட சூத்திரங்கள். உலகமே வியந்தது.

அக்காலத்து வைத்தியர்கள் க்ஷயரோகம் என்றே எண்ணிச் சிகிச்சை செய்தார்கள். அது ஈரலில் வந்த அமீபா நோயாக இருக்கலாம் என்று டி.ஏ.பி. யங் என்ற டாக்டர் 1994-ல் எழுதினார். சரியாகக் கண்டுபிடித்திருந்தால் அந்த நாளிலேயே மருந்து இருந்தது. ஒத்தடம் போட்டுக்கொண்டிருந்த பெண்ணுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

21 வயதில் விதவையான ஜானகி, பம்பாயில் சகோதரர் வீட்டில் தங்கித் தையல் கற்றார். பிறகு திருவல்லிக்கேணியில் தையல் மெஷினை வைத்துக்கொண்டு பிழைத்தார். சென்னைச் சர்வகலாசாலை முதலில் கொடுத்த உதவித்தொகை மாதம் 20 ரூபாய். தாயில்லாத ஒரு பையனையும் வளர்த்து ஆளாக்கினார். 1994 ஏப்ரலில், 95-ஆம் வயதில் கண்ணை மூடினார்.

கணவருக்கு வெந்நீர் வைத்த இரண்டு பாத்திரங்களை முதுமையிலும் அவர் தம்மிடமே வைத்திருந்தார்.