ஹான்ஸ் ஹொல்பைன் (இளையவர்)

ஐரோப்பிய அரச உருவப்பட ஓவியர்களுள் ஹொல்பைன் முக்கியமானவர். இவர் 1497 ஆம் ஆண்டளவில் ஜேர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரில் ஓவியர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் தொழில் புரிந்த காலத்தில், மதச் சீர்திருத்தத்தால் தேவாலய ஓவிய வேலைகள் குறைந்தன. எனவே 1526 இல் இங்கிலாந்து சென்றார். இடையில் பாசல் திரும்பி, 1532 இல் மீண்டும் இலண்டன் சென்று எட்டாம் ஹென்றி மன்னரின் அரசவை ஓவியரானார்.

1537 இல் வைற்ஹோல் அரண்மனைச் சுவரில் மன்னரின் முழு உருவத்தை வரைந்தார். அதில் முடியோ செங்கோலோ இல்லை. கால்களை அகல ஊன்றி, பார்ப்போரை நேரே நோக்கி நிற்கும் நிலையே மன்னரின் அதிகாரத்தை உணர்த்தியது. இவ்வோவியம் 1698 இல் தீயினால் அழிந்தது. எனினும் அதன் பிரதிகள் மூலமும் ஹென்றியின் தோற்றம் இன்றும் அறியப்படுகின்றது.

1539 இல் மன்னருக்கு மணமகளாகக் கருதப்பட்ட கிளீவ்ஸ் நாட்டு இளவரசி ஆனை வரைந்துவர அனுப்பப்பட்டார். புகைப்படம் இல்லாத அக்காலத்தில் மன்னர் முதலில் கண்டது ஓவியத்தையே. நேரிற் கண்டபோது ஏமாற்றமடைந்தார். 1540 ஜனவரியில் நடைபெற்ற திருமணம் ஜூலையில் செல்லுபடியற்றதாக்கப்பட்டது. அதனை ஏற்பாடு செய்த அமைச்சர் தோமஸ் குரொம்வெல் அம்மாதமே சிரச்சேதம் செய்யப்பட்டார். ஹொல்பைன் தண்டனைக்கு உள்ளாகவில்லை. 1543 இல் இலண்டனில் காலமானார். ஆனின் உருவப்படம் பாரிஸ் லூவர் நூதனசாலையில் உள்ளது.

அரச உருவப்படம் ஆட்சியின் கருவியாகப் பயன்பட்டமைக்கு இவரது வாழ்வு சிறந்த உதாரணமாகும்.