ஜான் ஹண்டர்

ஜான் ஹண்டர் (பெப்ரவரி 13, 1728 – அக்டோபர் 16, 1793) ஸ்காட்லாந்தில் பிறந்து இலண்டனில் பணியாற்றிய அறுவை மருத்துவரும் உடற்கூற்றியலாளரும் ஆவார். பெரியம்மைத் தடுப்பு முறையைப் பரப்பிய எட்வர்ட் ஜென்னர் இவருடைய மாணவர்.

தசைநாண் ஆய்வு

1767 இல் இவரது குதிகால் தசைநாண் அறுந்தது. நடனமாடும்போது அறுந்ததாகக் கூறுவர். படுக்கையில் கிடக்காமல், கெண்டைக்காலைத் துணிப்பட்டியால் கட்டி, குதிகாலை உயர்த்தி வைத்து நடமாடியபடியே குணமடைந்தார். பின்னர் நாய்கள் சிலவற்றின் தோலில் சிறு துளையிட்டு, ஊசியால் தசைநாணைத் துண்டித்தார். வெவ்வேறு கால இடைவெளிகளில் அவற்றைக் கொன்று ஆராய்ந்தார். முறிந்த எலும்பு பொருந்துவதைப் போலவே, விலகிய முனைகளுக்கிடையே புதிய திசு வளர்ந்து தசைநாண் இணைவதைக் கண்டார். அவ்விலங்குகளின் நிலை இரங்கத்தக்கதே.

இடைவெளியைத் திசு நிரப்புவதால் தசைநாண் முன்னிலும் நீள்கிறது. குறுகிய தசைநாணால் நேரும் வளைபாதத்துக்கு இது பயன்பட்டது. 1816 இல் பிரான்சின் டெல்பெஷ் செய்த அறுவையில் சீழ் பிடித்தது. 1831 இல் செருமனியின் ஸ்ட்ரோமையர் தோலில் மிகச் சிறிய துளை வழியே வெட்டி வெற்றி கண்டார்.