அந்த 18,000 ரூபாய்க்குப் பின்னால் இருக்கும் பெயர்

நம் அனந்தபுரத்தில் மகளோ மருமகளோ உண்டானால், கிராம சுகாதார செவிலியர் வந்து பதிவு செய்துகொண்டு போவார். அந்தப் பணத்தை 18,000 என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அதன் முழுப்பெயர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். யார் அந்த அம்மா? இந்த இதழில் அவரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்.

1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அப்பா நாராயணசாமி, கல்லூரி ஆசிரியர். அம்மா சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் ஆண்கள் மட்டுமே படித்த காலத்தில் மன்னரின் அனுமதியோடு சேர்ந்தார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். அந்தக் காலத்தில் இப்படி நிபந்தனை போட எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்!

1926இல் சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டு, துணைத் தலைவராகவும் ஆனார். சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க அங்கே போராடினார். தேவதாசிப் பெண்கள் பலரே அதை எதிர்த்து மனு கொடுத்தார்கள். அவர்கள் பயத்தைத் தப்பென்று சொல்ல முடியாது. கோயில் ஊழியத்துக்கு ஈடாகக் கிடைத்த மானிய நிலம்தான் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. ஊழியம் போனால் நிலமும் போகும். அதனால் 1929இல் வந்த சட்டத் திருத்தம், ஊழியம் செய்யாமலே அந்த நிலத்தை அவர்களே வைத்துக்கொள்ள வழி செய்தது. என்னைக் கேட்டால், அவர் செய்ததில் இதுதான் பெரிய காரியம். பிழைக்க வழி காட்டாமல் பிள்ளையை விடு என்று ஒரு தாயிடம் சொன்னால் அவள் கேட்பாளா? முழுத் தடைச் சட்டம் வர 1947 ஆயிற்று.

சட்டம் மட்டும் போதாது என்பதும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. அந்த வாழ்க்கை வேண்டாம் என்று சில பெண்பிள்ளைகள் அவரைத் தேடி வந்தார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் மறுத்துவிட்டன, பிறந்த குலம்தான் காரணம். தன் வீட்டிலேயே தங்கவைத்தார். 1930 வாக்கில் அப்படித் தொடங்கியதுதான் அவ்வை இல்லம். பிறகு சாதி பார்க்காமல் ஆதரவற்ற பெண்பிள்ளைகளையும், வறுமையால் வளர்க்க முடியாத குடும்பங்களின் பிள்ளைகளையும் அங்கே சேர்த்துக்கொண்டார்கள். சோறும் படுக்கையும் கொடுத்ததோடு நிற்கவில்லை, படிப்பும் கைத்தொழிலும் சொல்லிக்கொடுத்தார்கள். வெளியே போகும்போது அந்தப் பெண் யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாதல்லவா!

காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து 1930இல் சட்டமன்றப் பதவியை விட்டார். இல்லத்தை மட்டும் கடைசிவரை விடவில்லை. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கம் நெடுநாள் மனதில் இருந்தது. 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அதிலிருந்துதான் வந்தது. மாநில சமூக நல வாரியத்துக்கும் தலைமை வகித்தார். 1968 ஜூலையில் காலமானார்.

அடையாறு மருத்துவமனைக்குப் போய் வந்தவர்கள் நம் தெருக்களிலும் இருப்பீர்கள். அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் பெசன்ட் அவென்யூவில் பாருங்கள், அவ்வை இல்லமும் பள்ளியும் இன்றும் நடக்கின்றன.