அரிச்சந்திரனின் பொய்களை எண்ணிய பண்டிதர்

அரிச்சந்திரன் கதையைக் கேட்காதவர் நம்மில் யார்? விடிய விடிய நடக்கும் கூத்தில் கடைசிக் கட்டம் சுடுகாடு. பொய்யே பேசாத அரசன் பிணம் காக்கும் நிலைக்குத் தாழ்ந்துவிட்டானே என்று ஊரே கண்ணீர் விடும். தலைமுறை தலைமுறையாக அதே சுடுகாட்டில் நிறுத்தி வைக்கப்பட்டவர்களுக்காக யாரும் அழுவதில்லை. இந்தக் கதைக்கு எதிராக 'அரிச்சந்திரன் பொய்கள்' என்றே ஒரு நூல் வந்தது. மெய்க்குப் பேர்போனவன் கதையில் பொய்க்கணக்கு! தலைப்பிலேயே கேலி இருக்கிறது, கேலிக்குள் கோபமும் இருக்கிறது. எழுதியவர் அயோத்திதாசப் பண்டிதர்.

1845 மே 20-ல் பிறந்த அவருக்கு வீட்டில் வைத்த பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி தந்த ஆசிரியரின் பெயரையே பிறகு தம் பெயராக்கிக் கொண்டார். தமிழும் சித்த மருத்துவமும் அவருக்குச் சொத்து. அவருடைய இளமைக்காலம் நம் நீலகிரியில் கழிந்தது. 1891 டிசம்பர் 1-ல் திராவிட மகாஜன சபையின் மாநாட்டை இதே மலையில்தான் கூட்டினார். 1898-ல் இலங்கை சென்று பௌத்தம் தழுவினார். திரும்பி வந்து சென்னை ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907 ஜூன் 19-ல் அங்கிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழ் வெளிவந்தது. விலையைப் பெயரிலேயே சொன்ன அந்த இதழ் அடுத்த ஆண்டு முதல் 'தமிழன்' ஆனது.

பழைய நூல்களை அவர் கையிலெடுத்ததற்குக் குடும்பத்திலேயே ஒரு காரணம் உண்டு. அவருடைய பாட்டனார் கந்தப்பன் ஓர் ஆங்கிலேய அதிகாரியின் வீட்டில் பட்லராக இருந்தவர். அவரிடம் இருந்த குறள் ஓலைச்சுவடிதான் அந்த அதிகாரி வழியாக எல்லிஸ் துரையின் கைக்குப் போனது என்று பண்டிதர் எழுதி வைத்திருக்கிறார். 1812-ல் குறள் முதன்முதலாக அச்சேறியது. ஆனால் பின்னால் வந்த குறள் பதிப்புகளில், பிராமணத் தகப்பனுக்கும் பறைச்சிக்கும் பிறந்தவர் வள்ளுவர் என்ற கதையும் சேர்ந்து அச்சானது. சுவடியைக் காத்த வீட்டாருக்கு அச்சுப் புத்தகம் தந்த பரிசு அது. ஆதாரம் எங்கே என்று பண்டிதர் கேட்டார். திருவள்ளுவர் வரலாற்றைத் தாமே எழுதினார்.

அதோடு நிற்கவில்லை. திருக்குறளைத் திரிக்குறள் என்று படித்தார். அதன் மூன்று பாலும் பௌத்தத்தின் திரிபிடகத்தைத் தழுவியவை என்றார். ஔவையை அம்பிகையம்மன் என்ற பௌத்தப் பெண் துறவியாகக் கண்டு, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், வெற்றிவேற்கை மூன்றையும் ஒரே திரிவாசகமாகச் சேர்த்து விளக்கினார். ஒரு சொல்லைப் பிரித்தும் எழுத்தை மாற்றியும் பழைய பொருளைக் கவிழ்த்துப் போடுவது அவருக்குக் கைவந்த வித்தை.

நந்தன் கதையைப் பார்ப்போம். பெரிய புராணத்தில் நந்தனுக்கு ஆண்டை கிடையாது. கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனை பாடும்போதுதான் ஒரு வேதியர் ஆண்டையாக உள்ளே வருகிறார், நந்தன் அவரிடம் விடுப்புக் கேட்டுக் கெஞ்சுகிறான். இந்த மாற்றத்தை யாரும் குற்றம் சொல்லவில்லை, கச்சேரிகளில் உருகிக் கேட்டார்கள். பண்டிதரும் மாற்றினார். அவருடைய 'இந்திரர் தேச சரித்திர'த்தில் நந்தன் ஓர் அரசன், பௌத்தன். வேஷ பிராமணர்களின் சூழ்ச்சியால் கொல்லப்படுகிறான். கெஞ்சியவனை அரியணையில் உட்கார வைத்ததும் அது கட்டுக்கதை என்றார்கள்.

அவருடைய சொல்லாராய்ச்சி பலவற்றை இன்றைய மொழியியல் ஏற்காது. சரித்திரமாக அவர் எழுதியவை அனைத்துக்கும் கல்வெட்டுச் சான்றும் கிடையாது. அருந்ததியர், குறவர் போன்ற மக்களைத் தம் மக்களிடமிருந்து தள்ளி வைத்து எழுதிய குறையும் அவரிடம் உண்டு. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மேல்சாதியார் எழுதியதெல்லாம் இலக்கியம், நாம் திருப்பி எழுதினால் மட்டும் புரட்டு என்ற கணக்கை முதலில் உடைத்தவர்களில் அவர் ஒருவர். கதையை யார் சொல்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் ஊரில் நமக்கு இடம் கிடைக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

குறள் உரையை முடிக்கும் முன்பே 1914 மே 5-ல் பண்டிதர் மறைந்தார். அவர் எழுத்தைக் காப்பாற்றியது பல்கலைக்கழகம் அல்ல. கோலார் தங்கவயலில், பாறைக்குள் இறங்கி உழைத்த நம் மக்களிடையே இயங்கிய சாம்பியன் ரீப்ஸ் சித்தார்த்த புத்தகசாலை, அவருடைய நூல்களைச் சிறு சிறு வெளியீடுகளாக மறுபதிப்பு செய்தது. அவர் விட்டுச் சென்ற 'தமிழ'னைப் பின்னாளில் அங்கிருந்தே நடத்தினார் ஜி.அப்பாதுரையார். 'தமிழன்' இதழ்களைத் தேடித் தொகுத்துக் காத்தவர்களில் முக்கியமானவர் அன்பு பொன்னோவியம். இப்படிக் கைமாறி வந்த எழுத்துதான் 1999-ல் ஞான.அலாய்சியஸ் தொகுக்க, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வழியாக 'அயோத்திதாசர் சிந்தனைகள்' என்று வெளிவந்தது. இடையில் கடந்தவை 85 ஆண்டுகள். அந்தக் காலம் முழுவதும் தமிழக அரசியல் மேடைகளில் அவர் பெயரைச் சொன்னவர்கள் மிகச் சிலரே.

இன்று தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெயர்ப் பலகை இருக்கிறது, புத்தகம்தான் கைக்கு வர வேண்டும். நம் மாவட்ட நூலகங்களில் பண்டிதரின் தொகுதிகளைக் கேட்போம், இல்லையென்றால் வாங்கி வைக்கச் சொல்லி எழுதிக் கொடுப்போம். நம் படிப்பு வட்டங்களில் ஞாயிறுதோறும் ஒரு பக்கமாவது வாசிப்போம். பரணில் பழைய தங்கவயல் வெளியீடு எதையாவது வைத்திருக்கும் பெரியவர்கள் அதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட வேண்டாம். அடுத்த மறுபதிப்புக்கு அந்தப் பிரதியே மூலமாக அமையலாம்.